ஒட்டுக்குக் கீழிருந்து ஒரு செருமல்

ஓவர்சீயர் வீட்டு மாப்பிள்ளையின் செருமல் அவரை விட்டுப் பிரிந்து வாசல் ரோஜாச் செடிக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். செவ்வாய்க்கிழமை எங்கள் வீதிக்குத் தண்ணீர் விடுகிற நாள், ஆகவே குடமும் பக்கெட்டும் அண்டாவுமாக வீதி மொத்தமும் குழாயடியில் நின்றுகொண்டிருந்தது, ஆகவே கேட்காதவர் என்று யாரும் கிடையாது. பிற்பாடு வெளியூர்க்காரர்கள் வந்து, அதெப்படிங்க ஒரு செடி செருமும் என்று விசாரித்தபோதெல்லாம் எங்களுக்குக் கோபம்தான் வந்தது, ஏனென்றால் சொந்தக் காதால் கேட்டதற்குச் சத்தியம் செய்ய வேண்டிய நிலைமை எங்கள் வீதிக்கு அதுவரை வந்ததில்லை.

அன்று அவர் வழக்கம்போல மாவு மில்லை அடைத்துவிட்டு, புருவத்திலும் காது மடலிலும் கம்பு மாவு ஒட்டியிருக்க, சைக்கிளைக் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்துவிட்டு, கேட்டைத் திறந்து, உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று, தொண்டையைச் செருமுவதற்காக வாயைத் திறந்தார். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. மூடித் திறந்து மறுபடி முயன்றார். அப்போதுதான் கேட்டுக்கு இடது பக்கம் நின்ற பெரிய ரோஜாச் செடியில், மேலே பூத்திருந்த சிவப்புப் பூக்களுக்கெல்லாம் கீழே, தண்டில் முடிச்சுப் போலப் பருத்திருக்கும் ஒட்டு இடத்துக்கும் கீழே, மண்ணை உரசிக்கொண்டு விரல் நீளத்துக்கு எழும்பியிருந்த ஒரு வெளிர்ப்பச்சைக் குருத்திலிருந்து, முதலில் சின்னதாக ஒன்று, பிறகு நீளமாக ஒன்று, கடைசியில் மூக்கை உறிஞ்சுவது போல ஒன்று என்று, அச்சு அசல் மாப்பிள்ளையின் செருமல் வந்தது. வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி சம்பூர்ணம், தினமும் சொல்கிற அதே குரலில், "இலை போட்டாச்சுங்க" என்றாள். குழாயடியில் குடம் நிறைந்து வழிந்தது, யாரும் எடுத்து மாற்றவில்லை.

அந்தச் செருமலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீதியில் கடிகாரம் பார்த்து மத்தியானச் சோறு போட்ட வீடுகள் குறைவு, மாப்பிள்ளையின் செருமலைக் கேட்டுப் போட்ட வீடுகள்தான் அதிகம். பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்து, பாதி ஜில்லாவுக்குப் பாலம் கட்டி ஓய்வு பெற்ற மாரப்பனுக்கு ஒரே மகள் சம்பூர்ணம். பாலத்தை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம், மகளை அனுப்ப முடியாது என்று இருந்த அந்த மனுஷன், அண்ணன் தம்பி நிறைய உள்ள ஒரு குடும்பத்தின் கடைசிப் பையனாகப் பார்த்து, வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கச் சம்மதமா என்று கேட்டுக் கொண்டுவந்தார். வந்த நாளிலிருந்து அவர் எல்லோருக்கும் மாப்பிள்ளை. ஓவர்சீயருக்கு மாப்பிள்ளை, அதனால் ஓவர்சீயர் சம்சாரத்துக்கு மாப்பிள்ளை, அப்புறம் எதிர்வீட்டுக்கு, வீதிக்கு, தயிர்க்காரிக்கு, மில்லுக்கு அரைக்க வருகிறவர்களுக்கு என்று மாப்பிள்ளையாகி, கடைசியில் ஓவர்சீயரைவிட வயதில் மூத்தவர்களும் நேற்றுப் பள்ளிக்கூடம் சேர்ந்ததுகளும் ஒரே மாதிரி மாப்பிள்ளை என்று கூப்பிடும்படி ஆயிற்று. மில்லின் பெயர்ப் பலகையிலும் மாரப்பன் மாவு மில் என்றுதான் இருந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்திருக்கும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அவர் இயல்பிலேயே பூனை நடைக்காரர். கல்யாணமான முதல் வாரம் ஒரு சாயங்காலம் சத்தமில்லாமல் சமையலறை வாசல் வரைக்கும் வந்துவிட, குழம்பு கிண்டிக்கொண்டிருந்த மாமியார் திடுக்கிட்டுக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். "ஏனுங்க மாப்ள, ஆளு வாரதே தெரியறதில்லீங்களே!" என்று நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். அந்தப் புண்ணியவதி மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை, கரண்டியைக் கழுவி வைப்பதற்குள் அதை மறந்தும் இருப்பார். மாப்பிள்ளை மறக்கவில்லை. மறுநாளிலிருந்து கேட்டருகே நின்று தொண்டையைச் செருமிவிட்டுத்தான் உள்ளே வந்தார். மாமியார் போய்ச் சேர்ந்தார், செருமல் நிற்கவில்லை. ஓவர்சீயர் போய்ச் சேர்ந்தார், நிற்கவில்லை. ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்து வீட்டில் சம்பூர்ணம் மட்டும் மிஞ்சிய பிறகும் நிற்கவில்லை. மகள் பிரசவத்துக்குச் சம்பூர்ணம் திருப்பூர் போயிருந்தபோது, பூட்டின வீட்டின் முன்னால், சாவி தன் சட்டைப் பையிலேயே இருக்க, மனுஷன் நின்று செருமிவிட்டுப் பூட்டைத் திறந்ததை எதிர்வீட்டுத் தையல்காரி ரங்கநாயகி கண்ணால் பார்த்திருக்கிறாள்.

ரோஜாவையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஓவர்சீயருக்கு மகளுக்கு அடுத்தபடி அதுதான். ஊட்டியிலிருந்து ஒட்டுச் செடியாக இரண்டு கொண்டுவந்து கேட்டுக்கு இடது பக்கம் நட்டிருந்தார். கருஞ்சிவப்பு, காப்பி டவரா அகலம், மணம் குழாயடி வரைக்கும் வரும். வருகிறவர்களையெல்லாம் குனிய வைத்துத் தண்டிலிருக்கும் முடிச்சைக் காட்டுவார். "கீழ இருக்கறது காட்டு ரோசாங்க. எந்த மண்ணுலயும் வேர் உடும், எந்தத் தண்ணியும் குடிக்கும். அது வேலைக்கு. மேல இருக்கறதுதான் பூவுக்கு." கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் கையில் அவர் முதன்முதலாகக் கொடுத்த பொருள் செடி வெட்டுகிற கத்தரிதான். "ஒட்டுக்குக் கீழ குருத்து வந்தா மட்டும் உட்டுறாதீங்க மாப்ள. ஏழேழு இலையா வரும், பார்த்ததும் தெரியும். உட்டா மேல இருக்கறதைக் கொன்னுபோடும்." அன்றிலிருந்து வாரம் தவறாமல் குனிந்து குனிந்து அந்தக் காட்டு வேரின் குருத்துகளை வெட்டிக்கொண்டிருந்தவர் மாப்பிள்ளை.

வெட்டினாரே தவிர, அவர் தன் பங்குக்கு இன்னொன்றும் செய்தார். கவாத்து செய்த சிவப்பு ரோஜாவின் குச்சிகளைத் தூக்கிப் போட மனமில்லாமல், பென்சில் கனத்தில் நாலைந்து பார்த்து எடுத்து, நுனியில் சாணி உருண்டை வைத்து, வலது பக்கம் துவைக்கிற கல்லோரம் ஈரத்தில் ஊன்றி வைத்தார். மற்றதெல்லாம் காய்ந்து போக இரண்டு மட்டும் துளிர்த்தன. ஆக ஒரே பூ அந்த வீட்டில் இரண்டு விதமாக வளர ஆரம்பித்தது. இடது பக்கம் அடுத்தவன் வேரில் நின்றுகொண்டு, வலது பக்கம் தன் வேரில் நின்றுகொண்டு. எங்கள் வீதிக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு அமையவில்லை. ஒட்டுச் செடி வந்த வருடமே பூத்துத் தள்ளியது. குச்சியில் வந்தது முழங்கால் உயரம் வருவதற்கே மூன்று மழைக்காலம் எடுத்துக்கொண்டது. ஒட்டுச் செடிப் பூ பெரிது. குச்சிச் செடிப் பூ அதில் முக்கால் அளவு. "என்னங்க மாப்ள, உங்க செடி எந்திரிச்சு நடக்கறதுக்குள்ள என்ற செடி பேரன் எடுத்துரும்போல" என்று ஓவர்சீயர் சொல்ல, வீதியே சிரிக்கும், மாப்பிள்ளையும் சிரிப்பார். ஒரு வருடம் மாரியம்மன் நோன்பு வாரத்தில் கேட்டைச் சாத்தாமல் விட்டதில் ஆடுகள் புகுந்து இடது பக்கத்தில் ஒன்றையும் வலது பக்கத்தில் ஒன்றையும் தரையோடு மேய்ந்துவிட்டுப் போயின. மழை பெய்தது, இரண்டும் துளிர்த்தன. இடது பக்கம் வந்தது முழுக்க ஏழிலைக் காட்டுச் செடி. ஊட்டி ரோஜா போன இடம் தெரியவில்லை. வலது பக்கம் தன் வேரிலிருந்து வந்தது அதே கருஞ்சிவப்பு. ஓவர்சீயர் காட்டுச் செடியைப் பூக்கும் முன்பே தோண்டி வீதியில் எறிந்தார். அப்புறம் துவைக்கிற கல்லருகே வந்து அந்தச் சின்னச் சிவப்புப் பூவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். என்னவோ சொல்ல வந்தவர் போலத்தான் இருந்தது. ஆனால் காப்பி குடிக்க உள்ளே போய்விட்டார்.

இனிச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். இலை போட்டுக் காத்திருந்த சம்பூர்ணம், ஆள் வராததால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏனுங்க மாமா, சோறு ஆறுது. உள்ள வாங்க."

"வாரேன்" என்று மாப்பிள்ளை காலைத் தூக்கினார், தூக்கின இடத்திலேயே வைத்தார்.

"காலு புடிச்சுக்கிச்சுங்களா?"

"காலுக்கு ஒண்ணுமில்லை. செருமல் வரமாட்டேங்குது."

"அதுக்கு?"

"அது வந்தாத்தானே உள்ள வர்றது."

சம்பூர்ணம் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. "என்னங்க இது கூத்து? முப்பது வருசத்துக்கு மேல இருந்த ஊடு. உங்க ஊடுதானுங்களே!"

"எனக்குத் தெரியுது சம்பூர்ணம்" என்றார் மாப்பிள்ளை, மெதுவாக, குற்றம் செய்துவிட்டவர் போல. "காலுக்குத்தான் தெரியமாட்டேங்குது."

இலை வெளியே வந்தது. அவர் துவைக்கிற கல்லில், தன் இரண்டு ரோஜாச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மில்லுக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து மறுபடி கேட்டருகே நின்றார், வாயைத் திறந்தார், மூடினார், துவைக்கிற கல்லுக்குப் போனார். மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் போனதும் எங்களுக்கு அதில் அதிசயம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை, ஆக வேண்டிய காரியம்தான் மிஞ்சியது. ஒருவர் கயிற்றுக் கட்டில் கொடுத்தார், ஒருவர் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார், ரங்கநாயகி துணி மிச்சங்களில் மெத்தை தைத்துக் கொடுத்தாள். தபால்காரர் தபாலைத் துவைக்கிற கல்லில் வைத்தார், நாவிதர் அங்கேயே வந்து சவரம் செய்தார், கம்பும் மிளகாயும் அரைக்கத் தருகிறவர்கள் டப்பாவை ரோஜாச் செடியோரம் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். தை போய் மாசி வந்து, மாசி போய்ப் பங்குனி வந்தது.

கம்பவுண்டர் டார்ச் அடித்து மாப்பிள்ளையின் தொண்டைக்குள் பார்த்தார், குனிந்து செடியின் குருத்தையும் பார்த்தார். "தொண்டை சுத்தமா இருக்குதுங்க. சரக்கு எடம் மாறிப்போச்சு" என்று இருமல் மருந்து ஒன்று எழுதிக் கொடுத்து, பாதியை இவர் குடிக்கவும் பாதியைச் செடிக்கு ஊற்றவும் சொன்னார். கற்பூரவல்லிச் சாறும் மிளகுப் பாலும் அதே மாதிரி பாதிப் பாதியாகப் பங்கு வைக்கப்பட்டன. மாப்பிள்ளைக்கு நெஞ்சு லேசானது. செடிக்கு இலை பளபளத்தது. வேறு மாற்றமில்லை.

செடியோ வஞ்சனையில்லாமல் செருமியது. அந்த முதல் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு, மாப்பிள்ளை வரும்போது மட்டும் வாயைத் திறக்காது. மற்றபடி கேட்டில் யார் கை வைத்தாலும் சின்னதாக ஒன்று, நீளமாக ஒன்று, மூக்கை உறிஞ்சி ஒன்று. அந்தச் சத்தத்துக்கு இலை போட்டே பழகின சம்பூர்ணத்தின் கை என்ன செய்யும்? சத்தம் கேட்டதும் அது பாட்டுக்கு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துச் சோற்றை வைத்துவிடும். பால்காரர் சாப்பிட்டார், கேபிள் டிவிக்காரர் சாப்பிட்டார், கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் ரசம் கேட்டு வாங்கி இரண்டாம் முறை சாப்பிட்டார், இரண்டு மாசத்துக்கொரு தடவை வர வேண்டிய மனுஷன் அதற்கப்புறம் அடிக்கடி மீட்டரைச் சரிபார்க்க வந்தார். வீதிப் பெண்களுக்கு இன்னொரு சௌகரியம். எந்த வீட்டு மாமியாரைப் பற்றியும் சம்பூர்ணம் வீட்டில் உட்கார்ந்து தைரியமாகப் பேசலாம், ஆள் வந்தால் செடி சொல்லிவிடும். அடுத்த வீதிக்காரர்கள் அந்தக் குருத்தில் ஒரு குச்சி வெட்டிக் கொடுங்களேன், எங்கள் வாசலிலும் நட்டுக்கொள்கிறோம் என்று கேட்டு வந்தபோது, எங்கள் வீதிச் செருமலை எதற்குக் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் மறுத்துவிட்டோம்.

ஆனால் குருத்து வளர்ந்துகொண்டிருந்தது. வெட்ட வேண்டியவர் அதைத் தொடப் பயந்தார். தன் தொண்டையைத் தானே வெட்டுவது போலிருக்கிறது என்றார். இடுப்பு உயரம் வந்து, ஏழேழு இலையாகப் பரப்பி, அது கொழுக்கக் கொழுக்க, மேலே ஓவர்சீயரின் சிவப்பு ரோஜா இளைத்தது. டவரா அகலப் பூ எலுமிச்சை அளவுக்குச் சிறுத்தது, இலை பழுத்துக் கொட்டியது, நுனியிலிருந்து குச்சி குச்சியாகக் கருக ஆரம்பித்தது. அப்போதுதான் வீதி இரண்டாகப் பிரிந்தது. வெட்டிவிட்டால் செருமல் வந்த வழியே மாப்பிள்ளைக்குத் திரும்பிவிடும், அவரும் வீட்டுக்குள் போவார், ஓவர்சீயர் செடியும் பிழைக்கும் என்றது கம்பவுண்டர் கட்சி. வெட்டினால் செருமல் ஒரேயடியாகப் போய், மாப்பிள்ளை காலத்துக்கும் துவைக்கிற கல்லிலேயே கிடப்பார் என்றது ரங்கநாயகி கட்சி. இதற்கு நடுவில் இன்னொரு சண்டை. மாப்பிள்ளைதான் வெளியிலிருந்து வந்து ஒட்டின குச்சி, வேர் ஓவர்சீயருடையது என்றார்கள் சிலர். அடப் போங்கள், மாவு தின்று மில்லை ஓட்டி இத்தனை வருடம் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது யார், அவர்தான் வேர், பெயர்தான் ஓவர்சீயருக்கு என்றார்கள் சிலர். திருப்பூரிலிருந்து மகள் போன் செய்தாள். "அம்மா, தாத்தா செடி செத்துரும்மா. அப்பாவும் எத்தனை நாளைக்கு வெளிய கெடப்பாரு? வெட்டிப்போடும்மா." எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட சம்பூர்ணம், சரி என்றாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அவர் உள்ளே வர வேண்டும். அதற்கும் மேலே, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தச் சத்தம் அவரிடமிருந்து வர வேண்டும். அந்த வீட்டில் அவளுக்குப் பிடித்த சத்தம் என்றால் அதுதான். அம்மாவின் பேச்சு, அப்பாவின் அதட்டல், ரேடியோவில் வந்த பாட்டு, பேத்தியின் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே அதுதான். அடுப்புப் புகையிலும் தலைவலியிலும் ஒன்றுமே செய்யப் பிடிக்காத நாட்களிலும் அந்தச் செருமல் கேட்டதும் இதோ வந்துவிட்டார் என்று வயிற்றுக்குள் ஒரு சூடு பரவும், கை தானாக இலையை எடுக்கும். ஒரு காலை வேளையில் அப்பாவின் கத்தரியைச் சாணைக் கல்லில் தீட்டிக்கொண்டு, மாப்பிள்ளை துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, வீதி முழுக்கக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருக்க, அவள் கேட்டருகே வந்து வீட்டைப் பார்த்தபடி மண்டியிட்டுக் குருத்தின் அடியில் கத்தரியை வைத்தாள்.

குருத்து செருமியது.

சின்னதாக ஒன்று, நீளமாக ஒன்று, மூக்கை உறிஞ்சி ஒன்று. சம்பூர்ணத்தின் கை நின்றது. இந்தச் சத்தத்தை அவள் எப்போதும் அடுப்பருகே இருந்துதான் கேட்டிருக்கிறாள். கேட்டருகே இருந்து, வெளியே இருந்து, எதிரே அப்பா கட்டின வீட்டின் கதவு பாதி சாத்திக் கிடக்க, அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இங்கே அது வேறு சத்தமாக இருந்தது. இதில் வந்துவிட்டேன் என்பது இல்லை. வரலாமா என்பது இருந்தது. யாரோ கூப்பிடுவார்களா என்று கதவைப் பார்த்துக்கொண்டு ஓர் ஆள் நிற்பதுதான் இருந்தது. முப்பது வருடமாக ஒரு மனுஷன் தினம் மூன்று வேளை தன் வீட்டு வாசலில் நின்று அனுமதி கேட்டிருக்கிறான், அதைக் கேட்டு நாம் சந்தோஷப்பட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கத்தரியை மண்ணில் போட்டாள். நேராக வந்து துவைக்கிற கல்லில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, இது எனக்கு இங்கிருந்து கேட்டதேயில்லீங்க."

"எப்படி இருக்குது?"

"யாரோ வெளிய நிக்கறாப்பல இருக்குது."

மாப்பிள்ளை தன் செடியில் ஒரு பழுத்த இலையைக் கிள்ளினார்.

"நான் வெட்டமாட்டனுங்க" என்றாள் சம்பூர்ணம். "அப்பன் செடி போனாப் போச்சாது. அந்தச் சத்தம் உங்களுக்குத் திரும்பி வரவே வேண்டாம்."

சுவருக்கு மேலிருந்து கம்பவுண்டர், "அப்ப அவரு எப்படிங்க உள்ள போவாரு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அப்போது ரங்கநாயகி கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு, "அட ஆமா, நீங்க ரெண்டு பேரும் இன்னும் ஊட்டுக்குள்ளயே போகலையே!" என்றாள்.

அவள் சொல்லச் சொல்லத்தான் எங்களுக்கும் ஞாபகம் வந்தது. கல்யாணம் அந்த வீட்டு வாசல் பந்தலில் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் புடவை மாற்ற வேண்டுமென்று சம்பூர்ணம் பின் கதவு வழியாக உள்ளே போய்விட்டாள். ரங்கநாயகி அப்போது பாவாடை தாவணி. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தித் தட்டோடு கேட்டருகே நின்று, பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து வலது கால் வைத்து உள்ளே போக வேண்டுமே என்றாள். ஓவர்சீயர் சிரித்தார். "எங்கூட்டுப் புள்ள எங்கூட்டுக்குள்ள இருக்கறா. அவ எங்க போறா, வர்றா அம்மிணி? ஆரத்தி எதுக்கு?" எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. புகுந்த வீட்டுக்குப் போகிற பெண்ணுக்குத்தானே அந்தச் சடங்கு, இவளுக்குத்தான் புகுந்த வீடே கிடையாதே என்று நாங்களும் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டோம். வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, பந்தலில் தனியாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எழுந்து, தனியாகச் செருப்பைக் கழற்றி, தனியாக உள்ளே போனார். கரைத்த ஆரத்தியை ரங்கநாயகி எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் இடது பக்க ரோஜாவின் வேரில் ஊற்றினாள். அதனால்தான் இதெல்லாம் ஆயிற்று என்று நாங்கள் சொல்லவில்லை. ஊற்றினாள், அவ்வளவுதான்.

வருகிற முகூர்த்தத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. சம்பூர்ணம் உள்ளே போகாமலே, அடுப்பை அணைக்க மட்டும் வேறொருத்தியை அனுப்பிவிட்டு, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீதிக் கோடியில் இருக்கும் பிள்ளையார் கோயில் வரைக்கும் நடந்து போனாள். அவருக்கு மாவு படிந்த வேட்டி, அவளுக்கு அடுக்களைப் புடவை. விழுந்து கும்பிட்டுத் திரும்பி நடந்தார்கள், குழாயடியிலிருந்து நாங்கள் பின்னாலேயே நடந்தோம், யாரோ ஒருத்தி துவைக்கிற கல்லோரத்துச் சிவப்பு ரோஜாவில் இரண்டைப் பறித்து ஒன்றை அவள் தலையிலும் ஒன்றை அவர் சட்டைப் பையிலும் வைத்தாள். கேட்டருகே அவர்கள் வந்து நின்றபோது வீட்டுக்குள் ஒருத்தரும் இல்லை. அதுவரை அந்த வீட்டு வாசலில் மாப்பிள்ளை நின்ற போதெல்லாம் உள்ளே யாரோ இருந்தார்கள், அல்லது இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டார். இன்றைக்கு உள்ளே இருக்க வேண்டியவள் அவர் பக்கத்தில் வெளியே நின்றாள். கதவு சும்மா திறந்து கிடந்தது.

ரங்கநாயகி ஆரத்தி சுற்றிவிட்டு, வழியை மறித்துக் கையை நீட்டினாள். "பேரைச் சொல்லாம உள்ள உடமாட்டேன். மொதல்ல மாப்பிள்ளை."

"சம்பூர்ணம்" என்றார் அவர் உடனே. எல்லோரும் சிரித்தோம்.

"இப்பப் பொண்ணு."

சம்பூர்ணத்துக்கு முகம் சிவந்துபோயிற்று. பேத்தி எடுத்தவள், வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள், தையிலிருந்து அவர் அதே இடத்தில் செய்துகொண்டிருந்த மாதிரியே. வீதி மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது, கேலிக்காக மட்டும் இல்லை; அந்தப் பெயர் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது என்பது அந்த நிமிஷத்தில்தான் எங்கள் மண்டையில் உறைத்தது.

"சென்னியப்பன்" என்றாள் சம்பூர்ணம். அப்புறம், இன்னும் கொஞ்சம் சத்தமாக, வீட்டைப் பார்த்து, உள்ளே யாருக்கோ சொல்வது போல, "இவரு சென்னியப்பன்" என்றாள்.

சென்னியப்பனின் கால் எழுந்தது. வலது கால். அவளுடையதும் கூடவே எழுந்தது. செடி அப்போது செருமவில்லை. செருமும் என்று எதிர்பார்த்து நாங்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில், அவர்கள் உள்ளே போன அந்த நொடியை வீதியில் யாருமே சரியாகப் பார்க்கவில்லை.

ஓவர்சீயரின் ஒட்டு ரோஜா ஆடிக்குள் முழுதாகக் காய்ந்துபோயிற்று. சம்பூர்ணம் அன்று ஒருவேளை சாப்பிடவில்லை. ஆனால் அதே கருஞ்சிவப்பு துவைக்கிற கல்லோரம் பூத்துக்கொண்டிருந்ததால், அப்பன் பூ அங்கே இருக்கிறதென்று சொல்லிக்கொண்டு அடுத்த வேளை சாப்பிட்டாள். முதல் மழைக்குப் பிறகு காட்டு வேரின் கிளையில் கொத்துக் கொத்தாக மொட்டு விட்டது. இத்தனை வருடம் வெட்டி வெட்டியே வந்ததால் அதன் பூ எப்படியிருக்கும் என்று எங்கள் வீதி அறியாது. ஐந்தே இதழ், வெள்ளை, நடுவில் மஞ்சள், ஒன்றுமே பெரிதாக இல்லை, ஆனால் தேனீ கேட்டை மறிக்கிற அளவுக்கு மொய்த்தது. வருகிறவர் போகிறவருக்கு அது இன்றைக்கும் செருமுகிறது. மீட்டர்க்காரர் இப்போதெல்லாம் இரண்டு மாசத்துக்கு ஒருமுறைதான் வருகிறார்.

அவர்கள் சேர்ந்து உள்ளே போனதற்கு மறுநாள் நடந்ததைச் சம்பூர்ணமே ரங்கநாயகியிடம் சொன்னாள், ரங்கநாயகி வீதிக்குச் சொன்னாள். மத்தியானம் சம்பூர்ணம் குழம்பைக் கிண்டிக்கொண்டே, வாசலில் ஒரு காதை வைத்துக்கொண்டு, சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வேண்டாம் என்று அவளேதான் சொன்னாள், ஆனாலும் காதுக்கு அது புரியவில்லை. சத்தம் வரவில்லை. நேரமாகிறதே, எங்கே போய்விட்டார், மறுபடியும் வெளியே நின்றுவிட்டாரா என்று திரும்பினால், அவர் சமையலறை வாசலில், கை கால் கழுவிக்கொண்டு, புருவத்து மாவோடு நின்றுகொண்டிருந்தார். திடுக்கிட்டுக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். நெஞ்சில் கை போயிற்று. ஏனுங்க, ஆளு வாரதே தெரியறதில்லீங்களே என்று, அம்மா சொன்ன அதே வார்த்தை, அதே ராகத்தில், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பூர்ணம் அதை அப்படியே விழுங்கினாள். குனிந்து கரண்டியை எடுத்துக் கழுவிவிட்டு, "உக்காருங்க, இன்னும் இலையே போடலை" என்றாள்.